ஒலிவாங்கி நோய் நிதானம்: ஒரு சிற்றாராய்ச்சி

தலைவலியைத் தலைக்குடையவனும் பல்வலியைப் பல்லுக்குடையவனும் பிறருக்கு முன்னே அறிகிறார்கள் என்பது வைத்திய சாஸ்திரங்கள் யாவற்றுக்கும் உடன்பாடான சித்தாந்தமாயிருக்க, கைப்பேசியின் மைக்குக்கு வரும் நோய் மட்டும், அதை உடையவனைத் தவிர உற்றார் உறவினர் அனைவரும் அறிந்து, அலுத்து, அவனைப்பற்றி ஒரு தீர்மானத்துக்கும் வந்த பிறகே அவனை எட்டுகிறது என்னும் அபூர்வ லட்சணத்தை, அம்பத்தூர் ஓ.டி.யில் குடியிருக்கும் நான் சென்ற ஆவணி மாதத்தில் சொந்த அநுபவத்தால் கண்டுகொண்டேன். அகராதிகள் அதனை ஒலிவாங்கி என்று சொல்லும். ஆடி மாதத்தில் திருவேற்காட்டுக்குப் போகிற வழியெல்லாம் கட்டியிருக்கும் குழாய்களைக் கேட்டு வளர்ந்த எங்கள் பக்கத்தில் அது மைக்தான்.

நம் தருக்க நூலார் காட்சி, அனுமானம், உரை என்று பிரமாணங்களை வகுத்தார்கள். மைக்கின் நோயிலே காட்சியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கருவி ஒளிர்கிறது, மணி அடிக்கிறது, எதிராளி பேசுவது தெள்ளத் தெளிவாகக் கேட்கிறது. அனுமானமோ நம்மை நேர் எதிர்த் திசையில் இழுத்துக்கொண்டு போகிறது: எதிராளி “ஹலோ, ஹலோ” என்று கூவினால் அவருக்குச் செவி மந்தம் என்றோ, அவர் நிற்கும் இடத்தில் டவர் இல்லை என்றோதான் எண்ணுகிறோமே ஒழிய, ஊமையானது நம் கருவி என்று எண்ண நம்முடைய சுயமரியாதை இடங்கொடுப்பதில்லை. மிஞ்சியிருப்பது உரை என்னும் சப்தப் பிரமாணம். கெட்டுப்போயிருப்பது அதுதானே!

பூந்தமல்லியில் இருக்கும் என் தங்கை, தன் மகள் கல்யாணத்துக்கு மண்டபத்தை ஆவடியில் பிடிப்பதா, பூந்தமல்லியிலேயே பிடிப்பதா என்று கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தாள். ஆவடியின் பெருமையை நான் சற்று விஸ்தாரமாகவே எடுத்துச் சொன்னேன். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை அங்கே கூடிச் சோஷலிச பாணி சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றிய வரலாற்றையும், அவ்வளவு பெரிய கூட்டம் மைக் இல்லாமல் நடந்திருக்க இயலாது என்று அனுமானத்தால் பெறப்படுவதையும், பிற்பாடு கனரக வாகனத் தொழிற்சாலை வந்து ஊர் டாங்கிகளுக்குப் பேர்போனதையும் கூறி, ஆயினும் பெண்ணைப் பெற்றவளுக்கு எது சௌகரியமோ அதுவே உசிதம், ஆகவே பூந்தமல்லியே இருக்கட்டும் என்று பெருந்தன்மையோடு முடித்தேன். நடுநடுவே அவள், “அண்ணா… அண்ணா… கோபமாண்ணா?” என்றாள். சொற்பொழிவில் லயித்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் இவ்வாறே நடந்தது.

நான்காம் நாள் அவள் ஒரு சீப்புப் பூவன் பழமும் அரைக்கிலோ மிக்சருமாக பஸ் ஏறி வந்து நின்றாள். “ஆவடியிலேயே வெச்சிக்கலாம்ணா. உங்க இஷ்டம்தான். அதுக்காக இப்படி வாயே திறக்காம இருந்தா நான் என்ன பண்றது?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று நாள் ஓயாமல் பேசிப் பெற முடியாத மதிப்பை, மூன்று நாள் கேட்கப்படாமல் பெற்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. என் மனைவியைப் பார்த்தேன். அவள் மிக்சரைத் தட்டில் கொட்டிக்கொண்டே, “நாலு நாளா நீங்க பேசறது யாருக்கும் கேக்கலைங்க. எனக்குத் தெரியும்” என்றாள். ஏன் சொல்லவில்லை என்ற வினாவை நான் எழுப்பவில்லை. இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு அது அப்பாற்பட்டது.

சி.டி.எச். ரோட்டிலுள்ள ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைப் பையன் கருவியைக் கையில் வாங்கி, ஒரு முறை ஊதி, காதில் வைத்து, “மைக் போயிடுச்சு சார். சப் போர்டு மாத்தணும். அறுநூத்தம்பது ரூபா ஆகும். ஒரிஜினல் வேணும்னா ரிச்சி ஸ்ட்ரீட்லேர்ந்து வரணும், ரெண்டு நாள்” என்றான். நோய் நாடி, அதன் முதல் நாடி, தணிக்கும் வழி நாடிய பிறகே கை வைக்க வேண்டும் என்று வகுத்த வள்ளுவர், இந்த நான்கு படிகளையும் ஒருவன் ஆறு விநாடியில் ஏறி இறங்குவான் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். ‘போயிடுச்சு’ என்ற வினையும் சிந்தனைக்குரியது. எங்கே போயிற்று? கருவியின் அடிவாயில், கடுகும் நுழையாத அந்தத் துவாரத்தில்தானே இருக்கிறது! வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்று சங்கற்பம் செய்துகொண்டு திரும்பினேன்.

செய்வதற்கு முன் பொருளின் சரித்திரத்தை அறிவது நல்லது. ‘மைக்ரோபோன்’ என்ற சொல்லை 1827-இல் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் வழங்கியது, மின்சாரச் சம்பந்தமே இல்லாமல் நுண்ணொலியைக் காதுக்குக் கொண்டுவரும் ஓர் எளிய சாதனத்துக்கு. 1878-இல் ஹியூஸ் என்பவர் கரியைக் கொண்டு மின்சார மைக் இயங்கும் விதத்தை விளக்கினார். அதன் சந்ததியாகிய கரித்தூள் மைக்தான் நம் வீடுகளிலும் ஆபீசுகளிலும் இருந்த கறுப்புத் தொலைபேசிகளில் வெகுகாலம் ஆட்சி செய்தது. தூள் கட்டிக்கொண்டு குரல் மங்கினால் ரிசீவரை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், குரல் திரும்பிவிடும். அந்த வைத்தியத்தின் எளிமையை நினைத்தால் இன்றைக்கும் கண் பனிக்கிறது. 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் செஸ்லர், வெஸ்ட் என்ற இருவர் எலெக்ட்ரெட் மைக்கைக் கண்டார்கள். இப்போது கைப்பேசிகளில் இருப்பது சிலிக்கானில் வடித்த மைக்; மொத்த உருவமே மூன்று நான்கு மில்லிமீட்டர், உள்ளே அதிரும் சவ்வின் கனம் ஏறக்குறைய ஒரு மைக்ரான். சவ்வுக்கு எதிரே துளையிட்ட ஒரு தகடு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் நம் மூச்சொலிக்கேற்ப மாற, மின்தேக்கம் மாறுகிறது. அந்த மாற்றமே ‘அண்ணா பேசுகிறார்’ என்ற செய்தியாகப் பூந்தமல்லிக்குப் போய்ச் சேர்கிறது.

பூந்தமல்லி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அவ்வூரில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள், காஞ்சியில் பேரருளாளனுக்கு ஆலவட்டக் கைங்கரியம் செய்துகொண்டே அவனோடு பேசுவாராம். இராமாநுஜர் தம் ஐயங்களை அவர் வழியாகவே கேட்டு, ஆறு வார்த்தைகளில் விடை பெற்றார் என்பது வைஷ்ணவ சம்பிரதாயம். நடுவிலே கம்பியும் இல்லை, வலையும் இல்லை. விசிறி ஒன்றுதான் இருந்தது. விடை ஆறே வார்த்தை என்பதையும் கவனிக்க வேண்டும். என் சொற்பொழிவுகளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி நோய்முதல். பூர்வபட்சங்கள் மூன்று. அம்பத்தூர் எஸ்டேட்டின் லேத்துகளிலிருந்து பறக்கும் இரும்புத் துகள் அடைத்திருக்கலாம் என்பது முதலாவது. பிரிட்ஜின் மேல் ஒட்டியிருந்த முருகன் காந்தத்தை எடுத்துத் துவாரத்தின் அருகே காட்டியதில் ஒன்றும் நகரவில்லையாதலால் அது தள்ளுபடியாயிற்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ வேலையால் எழுந்த புழுதி என்பது இரண்டாவது. நான் அந்தப் பக்கம் போய் ஆறு மாதமாகிறது. ஏரிக்காற்றின் ஈரம் என்பது மூன்றாவது. அப்படியானால் கொரட்டூர் முழுவதும் ஊமையாகியிருக்க வேண்டும்.

இவ்வளவு தீர்க்கமாக விசாரித்தவன் அடுத்துச் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. சிம் கார்டைத் தள்ளுவதற்குக் கொடுக்கும் ஊசியை எடுத்து அந்தத் துவாரத்தில் விட்டேன். திருமுல்லைவாயில் தலபுராணத்தில், தொண்டைமான் தன் யானையின் காலைச் சுற்றிய முல்லைக்கொடியை உள்ளிருப்பது இன்னதென்று அறியாமல் வாளால் வெட்ட, லிங்கத்தின்மேல் பட்டு இரத்தம் பெருகிற்று என்று சொல்லப்படுகிறது. கூரிய ஆயுதத்தை ஆராயாமல் செலுத்துவது ஆவடி வட்டாரத்தில் புராதனமான பிழை என்று கொள்ளலாம்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண், ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் திறந்து 2014 நவம்பரில் மூடிய நோக்கியா ஆலையில், அது மூடும் வரை போன்களைப் பூட்டும் வரிசையில் நின்றவர். இப்போது வீட்டிலேயே தையல் வேலை. ஆலை போனாலும் கை போகவில்லை. விஷயம் கேட்டதும், “அங்கிள், பின்னை உள்ள விட்டீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். “ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினா கேக்குதா?” கேட்டது. “அப்போ மேல் மைக் நல்லாருக்கு. கீழ் மைக்தான்” என்றார். இரண்டு மைக் உண்டு, ஸ்பீக்கரில் போடும்போது பல கருவிகளில் மேல் மைக் வேலைக்கு வருகிறது என்பதை அறிந்து கேட்ட இந்த ஒரு வினாவில் என் மூன்று பூர்வபட்சங்களுக்கும் இல்லாத சாரம் இருந்தது.

என் கருவி, பின்மூடியை நகத்தால் நெம்பித் திறக்கக்கூடிய பழைய ஜாதி. உலகத்தில் இப்போது இதையே ஒரு விரதமாக எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஃபேர்போன் என்ற கம்பெனி 2015-இல் வெளியிட்ட இரண்டாவது மாடலில் மைக் இருக்கும் அடிக்கூறை வீட்டுக்காரரே ஒரு ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். நம் அரசாங்கமும் 2022 டிசம்பர் 24-ஆம் தேதி, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசலைத் திறந்தது. 1949-இல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள் கம்பெனியின் ஊர்க்காரனுக்கு இதெல்லாம் புதுமையாகப் படுவதுதான் புதுமை. ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஹெர்குலிஸ் சைக்கிளைத் திண்ணையில் பிரித்துப் போட்ட காலத்தில், அது நம் உரிமையா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அந்தப் பெண் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டார். பாட்டரியை முதலில் எடுத்தார். அடிப்பக்கத்து ஸ்டார் ஸ்க்ரூ ஒன்பதையும் கழற்றிக் கழற்றி, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே துணியில் வரிசையாக வைத்தார். நீளம் ஒன்றுபோல் இராது, மாற்றிப் போட்டால் போர்டைத் துளைத்துவிடும் என்றார். ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கியதும், கீழே விரலகலச் சப் போர்டு; அதன் ஓரத்தில் எள்ளுருண்டையின் எள்ளைப்போல் மினுமினுத்துக்கொண்டு மைக். துவாரத்துக்கும் மைக்குக்கும் நடுவே ஒரு ரப்பர்த் தொப்பி, அதற்குள் கொசுவலையிலும் நுண்ணிய ஒரு வலை. துவாரம் நேராக மைக்கைப் பார்க்காமல் சற்று ஒதுங்கி இருந்ததால் என் ஊசி ரப்பரின் விளிம்பைக் கீறியதோடு நின்றிருந்தது. “உங்க நல்ல நேரம் அங்கிள்” என்று சொல்லி, ட்வீசரால் தொப்பியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

வலை முழுவதும் வெள்ளையாக அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினார், மாவாக உதிர்ந்தது. “பவுடரா? கோலமாவா?” என்று கேட்டுக்கொண்டே முகர்ந்தார். முகர்ந்தவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். திருமுல்லைவாயில் மாசிலாமணி ஈசுவரரைச் சேவித்துப் பெற்ற திருநீற்றைக் காகிதத்தில் மடித்து, கைப்பேசி இருக்கும் அதே பையில் போட்டு வைத்திருப்பது என் நெடுநாள் வழக்கம். ஆவணியின் வியர்வை அதைக் குழைத்திருக்கிறது. குழைந்தது வலையில் காய்ந்திருக்கிறது. மாசு இலா மணி என்று திருநாமம் கொண்டவர் சந்நிதியிலிருந்து வந்ததே மாசாயிற்று என்றால் குற்றம் அவருடையதன்று. கரித்தூளால் பேசிய யந்திரத்தின் பேரப்பிள்ளை நீற்றுத்தூளால் ஊமையான இந்த வம்ச விசித்திரத்தை நான் எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். “அசையாம இருங்க அங்கிள், ஸ்க்ரூ உருண்டுடும்” என்றார் அவர்.

தொப்பியைத் தனியே ஒரு மூடியில் போட்டு ஐ.பி.ஏ. என்னும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு அலசி, மின்விசிறிக்கடியில் உலர்த்தினார். மைக்கின்மேல் ஒரு சொட்டும் படக்கூடாது, வாயால் ஊதவும் கூடாது, காற்று அடிக்கும் டப்பாவைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது, சவ்வு கிழிந்துவிடும் என்றார். கடைப்பையன் ஊதியது ஞாபகம் வந்தது. காய்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால் சுற்றிலும் மெல்லத் துடைத்து, எல்லாவற்றையும் வந்த வழியே பூட்டினார். முப்பத்தைந்து நிமிஷம். கூலி வாங்க மறுத்துவிட்டார். மிஞ்சியிருந்த பூவன் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

தங்கைக்குப் போன் செய்தேன். “இப்போ நல்லா கேக்குதுண்ணா!” என்றாள். நடந்ததைச் சொல்லி, நான் அன்றே பூந்தமல்லிக்குச் சம்மதித்துவிட்டேன் என்பதையும் தெரிவித்தேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, “நான் நேத்தே ஆவடியில அட்வான்ஸ் கட்டிட்டேனே, அதைச் சொல்ல வேணாமா நீங்க?” என்று ஆரம்பித்தாள். என் பதில் ஒவ்வொன்றும் அவளுக்குப் பூரணமாகக் கேட்டது.

மாலையில் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு அருகே இருக்கும் டெய்லரிடம் போய், என் சட்டைகள் நான்குக்கும் வலப்பக்கத்தில் இன்னொரு பை வைக்கச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்டார். உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மூடி வெச்சுத் தைக்கணுமா சார், மூடி இல்லாமலா?” என்றார்.