ஆறாரும் எட்டாரும்

அமெரிக்காவில் கனரக பிக்கப் வாங்குவது, அதாவது பின்னால் திறந்த தொட்டியும் பல டன் எடையுள்ள டிரெய்லரைக் கட்டி இழுக்கும் வலுவும் உடைய வண்டியை வாங்குவது, வியாபாரத்தைக் காட்டிலும் சமயம் தழுவுவதையே பெரிதும் ஒத்திருக்கிறது. டீசல் இன்ஜினைப் பொறுத்தவரை அங்குள்ள பெருஞ்சமயங்கள் மூன்று: ராம் வண்டியில் அமரும் கம்மின்ஸ், செவ்ரோலே மற்றும் ஜிஎம்சி வண்டிகளின் டியூராமேக்ஸ், ஃபோர்டின் பவர் ஸ்ட்ரோக். கம்மின்ஸில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. மற்ற இரண்டிலும் பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்கள் ஒன்றையொன்று விட்டு விலகிச் சாய்ந்து நிற்கின்றன. ஆகவே இங்கே வாதிடும் இருவரையும் ஆறார், எட்டார் என்று அழைப்பது வசதி. முன்னவர் சினம் ஆறார், பின்னவர் எந்தப் பிடிக்கும் எட்டார் என்பதால் பெயர்கள் தாமாகவே பொருந்திவிடுகின்றன.

ஆறார்: "எட்டாரே, 1989-ஆம் ஆண்டு, இன்றைய ராமின் முன்னோடியான டாட்ஜ் பிக்கப்பில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் ஏறியபோது அதன் திறன் வெறும் 160 குதிரைத்திறன்தான். ஆனால் அது லாரிக்கும் வயல் இயந்திரத்துக்கும் ஈடுகொடுக்கும் குடும்பத்தில் பிறந்த இன்ஜின் ஆகையால், பிக்கப்பில் அதற்கு ஓய்வூதியம் வாங்கும் பயில்வானுக்கு உரிய வேலையே இருந்தது. கிராங்க் ஷாஃப்டை ஏழு இடங்களில் தாங்கும் பேரிங், பெல்ட்டோ சங்கிலியோ இல்லாமல் பல்சக்கரத்தால் சுழலும் கேம் ஷாஃப்ட், ஒரே ஒரு ஹெட். இதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது?"

எட்டார்: "ஒரு முளை இருக்கிறது, ஆறாரே."

எட்டார் குறிப்பிடும் முளைக்கு டவல் பின் என்று பெயர். இரண்டு வார்ப்புகள் இடம் பிசகாமல் பொருந்துவதற்காக அடித்து இறுக்கப்படும் எஃகுத் துண்டு அது; விரல் நுனியளவுதான் இருக்கும். பழைய 5.9 இன்ஜினில் பல்சக்கரப் பெட்டியைப் பிளாக்கோடு பொருத்தும் இந்த முளை, ஆண்டுக்கணக்கான அதிர்வில் மயிரிழை மயிரிழையாக நகர்ந்து, ஒரு நாள் துளையை விட்டு நழுவிச் சுழலும் பற்களுக்கு நடுவே விழுந்தால், பெட்டி உடைவதும் உண்டு, கேம் ஷாஃப்டின் ஒழுங்கு தவறி வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதும் உண்டு. கம்மின்ஸ் அன்பர்களே இதற்குக் கொலைகார முளை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பரிகாரமோ மிக எளிது: முன்பக்க மூடியைக் கழற்றி, முளையின் வாயை மறைக்குமாறு ஒரு சிறு தகட்டை வைத்து போல்ட்டை முடுக்கிவிட்டால் போதும்.

ஆறார்: "முளை உதிரிபாகம், இன்ஜின் அன்று."

எட்டார்: "1998-இல் இடையில் வந்த 24 வால்வு இன்ஜினில், டேங்கிலிருந்து டீசலை ஏற்றித் தரும் சிறு பம்பு சோர்ந்துபோக, அதையே நம்பியிருந்த விபி44 என்னும் பெரிய பம்பு வறண்டு செத்ததே?"

ஆறார்: "பம்பும் உதிரிபாகமே."

எட்டார்: "53 என்ற எண் பொறித்த சில பிளாக்குகளில் பக்கச் சுவரே விரிசல் விட்டதே, பிளாக்குமா உதிரிபாகம்?"

ஆறார்: "அது வார்ப்பாலையின் குற்றம், அதைக் கம்மின்ஸின் தலையில் கட்டுவது அறமன்று."

இவ்வாதத்தின் இலக்கணம் இந்த இடத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது. தன் வண்டியில் கெடுவது உதிரிபாகம் என்றும் எதிரியின் வண்டியில் கெடுவது இன்ஜின் என்றும் கொள்வதே அந்த இலக்கணம். இதை விடாமல் கடைப்பிடித்தால் எந்த இன்ஜினும் எக்காலத்தும் கெட்டதாகாது. எட்டாரும் இதே இலக்கணத்தில் தேர்ந்தவர் என்பது ஆறார் 2003-ஆம் ஆண்டைத் தொட்டவுடன் தெரிந்தது.

ஆறார்: "ஃபோர்டின் 6.0 லிட்டர் இன்ஜினைப் பற்றி உம் சமயம் என்ன சொல்கிறது?"

கேள்வி வலிக்குமிடம் பார்த்துக் கேட்கப்பட்டது. அந்த இன்ஜினில் ஈஜிஆர் என்னும் ஏற்பாடு உண்டு. வெளியேறும் புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து மறுபடியும் சிலிண்டருக்குள் அனுப்பி, எரிப்பின் வெப்பத்தைத் தணித்து, காற்றை மாசுபடுத்தும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பது அதன் வேலை. புகையைக் குளிர்விக்கும் கூலருக்கு நீர் வருவது ஆயில் கூலரின் வழியாக. ஆயில் கூலரின் குறுகிய வழிகளில் வண்டல் அடைத்துக்கொண்டால் ஈஜிஆர் கூலருக்கு நீர் குறைகிறது. நீர் குறைந்த கூலர் வெந்து வெடிக்கிறது. வெடித்த கூலரின் நீர் சிலிண்டருக்குள் புகுந்து ஆவியாகி அழுத்தத்தைக் கூட்ட, ஹெட்டை இறுக்கும் போல்ட்டுகள் இழுபட்டு நீள, கேஸ்கட் போய்விடுகிறது. ஹெட்டைக் கழற்றக் கை நுழையாததால், பட்டறைக்காரர்கள் வண்டியின் கேபினையே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேலை பார்த்தார்கள். இன்ஜினைச் செய்து கொடுத்தது நேவிஸ்டார் நிறுவனம். வாரண்டிச் செலவு யாருடையது என்று 2007 ஜனவரியில் ஃபோர்டு நீதிமன்றம் ஏற, 2009-இல் இருவரும் சமரசமானார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு தந்தையர் இருந்தும், செலவு என்றபோது பிள்ளை அநாதையாக நின்றது.

எட்டார்: "அது வேறு எட்டு. ஃபோர்டின் அசல் எட்டு 2003-ஓடு முடிந்த 7.3 லிட்டர், அதற்குப் பின் வந்த மெய்யான எட்டு ஜெனரல் மோட்டார்ஸும் இசுசுவும் சேர்ந்து 2001 மாடலுக்காக ஒஹாயோவில் செய்த டியூராமேக்ஸ்."

ஆறார்: "அதன் முதல் பிறவியான எல்பி7-இல் இன்ஜெக்டர்கள் கசிந்து டீசல் ஆயிலில் கலந்ததால்தானே, 7 ஆண்டு அல்லது 2,00,000 மைல் வரை அவற்றுக்கு நிறுவனமே பொறுப்பேற்க நேர்ந்தது?"

எட்டார்: "இன்ஜெக்டர் உதிரிபாகம், ஆறாரே."

இலக்கணம் தம்மிடமிருந்தே களவு போனதை உணர்ந்த ஆறார் எண்களிடம் அடைக்கலம் புகுந்தார். பி50 என்பது, ஒரு வகை இன்ஜின்களில் சரிபாதி பெரிய பழுது எதற்கும் இறக்கப்படாமல் கடக்கும் தூரத்தைக் குறிக்கும் பொறியியல் அளவு. 3,50,000 மைல் என்பது கம்மின்ஸ் அன்பர்களின் நாவில் ஓயாமல் புரளும் எண். பாதி தாண்டும் தூரம் என்பதும் பாதி தாண்டாத தூரம் என்பதும் ஒன்றே என்று எட்டார் சுட்டிக்காட்ட, தாண்டாத பாதியைத் தம் ஊரில் எவரும் கண்டதில்லை என்று ஆறார் சாதித்தார். காண முடியாதுதான், தாண்டாத வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும், தாண்டியது மட்டுமே சாட்சி சொல்ல வீதியில் நிற்கும்.

இத்தனைக்கும் பழைய 5.9-க்கும் 7.3-க்கும் கிடைத்த பெயர் பொய்ப்பெயரன்று. 160 குதிரைத்திறனை 5.9 லிட்டருக்குப் பகிர்ந்தால் லிட்டருக்கு 27 வருகிறது. இன்று ஃபோர்டு 6.7 லிட்டரிலிருந்து பிழியும் 500 குதிரைத்திறனைப் பகிர்ந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 75. எருதை நடக்கவிட்டவரும் ஓடவிட்டவரும் எருதின் சாதியைப் பற்றிச் சண்டையிடுவதில் பொருளில்லை என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

எட்டார்: "வேறொன்று கேட்கலாமா? உம் முற்றத்தில் நிற்கும் வண்டி எந்த ஆண்டு?"

ஆறார்: "2019. உம்முடையது?"

எட்டார்: "2012 டியூராமேக்ஸ்."

இருவரும் சற்றுப் பேசாதிருந்ததற்குக் காரணம் உண்டு. டீசலைப் பேரழுத்தத்தில் இன்ஜெக்டர்களுக்குத் தள்ளும் பாஷ் நிறுவனத்தின் சிபி4.2 என்ற பம்பு, 2011 முதல் ஃபோர்டிலும், 2011 முதல் 2016 வரை டியூராமேக்ஸிலும், 2019, 2020 மாடல் கம்மின்ஸிலும் இருந்தது. அதற்குள் கேமின் மேல் உருளும் ஓர் உருளை, பிஸ்டனை மேலே தள்ளுகிறது. உருளையைத் தாங்கும் கிண்ணம் தன் இருப்பில் சற்றே திரும்பிவிட்டால், உருளுவது நின்று உரசுவது தொடங்குகிறது. அரைபட்ட எஃகுத் தூள் டீசலோடு கலந்து பம்பு, குழாய், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் போய்ச் சேருவதால், ஒன்றை மாற்றினால் போதாது, எரிபொருள் வழி முழுவதையும் மாற்ற வேண்டும். இத்தகைய பம்புக்கு மசகு டீசலே. தனி ஆயில் கிடையாது. டீசலின் மசகுத்தன்மையை அளக்க, அதில் முங்கிய எஃகுத் தட்டின் மேல் எஃகுக் குண்டைத் தேய்த்துத் தழும்பின் அகலத்தைப் பார்க்கிறார்கள். ஐரோப்பியத் தரம் 460 மைக்ரானுக்கு மேல் தழும்பை ஏற்பதில்லை, அமெரிக்கத் தரமோ 520 வரை பொறுத்துக்கொள்கிறது. வண்டியின் முகப்பில் எந்தப் பெயர் இருந்தாலும், அந்த 60 மைக்ரானின் சுமையையும் தாங்க வேண்டியது உள்ளேயிருக்கும் உருளைதான்.

ஆறார்: "பம்பு உதிரிபாகம்..."

எட்டார்: "ஆம், உதிரிபாகம்தான்."

அன்று அவர்கள் ஒத்துக்கொண்டது அது ஒன்றையே. டியூராமேக்ஸ் 2017-இல் டென்சோ பம்புக்கு மாறியது. ராம் 2021-இல் தன் பழைய சிபி3 பம்புக்கே திரும்பி, முன்பு விற்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைப் பம்பு மாற்றத் திரும்ப அழைத்தது. ஆகவே பழைய டீசல் பிக்கப்பை விலை பேசுகிறவர் முகப்பிலுள்ள பெயரைப் பார்ப்பதற்கு முன், மாடல் ஆண்டையும், பம்பு மாற்றிய சீட்டையும், டீசல் ஃபில்டர் மாற்றிய ரசீதுகளையும் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். ரசீது எதுவும் இல்லையென்றால், எரிபொருள் வழி முழுவதையும் மாற்ற என்ன செலவாகும் என்று ஒரு பட்டறையில் விசாரித்து, அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ளட்டும்.