டியூபா வாங்கப் போகிறவர் கவனத்துக்கு

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் கடைக்குப் போவது நல்ல டியூபா எது என்று பார்க்க அல்ல. வீட்டில் இருப்பது சரியில்லை என்று நிரூபிக்க. அந்த முடிவோடு போனால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து சுருதி. 1835-இல் பெர்லினில் வீப்ரெக்டும் மோரிட்ஸும் காப்புரிமை வாங்கிய டியூபா எஃப் சுருதி. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்காரர் சி என்பார், ஜெர்மன்காரர் பி-பிளாட் என்பார், பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுக்கு ஈ-பிளாட்டும் வேண்டும். பெரியவர்கள் பேச்சைத் தட்டக் கூடாது, நான்கையும் வாங்கிவிடுங்கள். பி-பிளாட்டின் குழாயை நீட்டினால் சுமார் 18 அடி. வீட்டில் சுருட்டிய அளவை மட்டும் சொன்னால் போதும்.

அளவு என்று வந்தால் 3/4, 4/4, 5/4, 6/4 என்று பின்னக் கணக்கு. இதற்குப் பொது அளவுகோல் கிடையாது. கம்பெனிக்காரர் வைத்ததுதான் பின்னம். எனவே கூசாமல் 6/4 கேளுங்கள். ஏன் என்று கேட்டால், "யார்க்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். 1930-களில் மிஷிகனின் யார்க் கம்பெனி செய்த அந்தப் பிரம்மாண்டமான சி டியூபாவைச் சிகாகோ சிம்பொனியில் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் ஊதி ஊதிப் புகழேற்றினார். பிறகு ஹிர்ஸ்புருன்னரும் யமஹாவும் அதை அளந்து பார்த்துப் படியெடுத்தார்கள். ஜேக்கப்ஸுக்கு ஆஸ்துமா, நுரையீரல் கொள்ளளவும் குறைவு என்ற விவரத்தைக் கடையில் எடுக்காதீர்கள். அப்புறம் டியூபாவுக்கு எதற்கு இவ்வளவு விலை என்று நீங்களே கேட்டுவிடுவீர்கள்.

இனி ஊதிப் பார்க்கும் படலம். மீராஃபோன் 186-இல் தொடங்குங்கள். சுருதி நிற்கும், கையும் வலிக்காது. அதனாலேயே "மாணவர்களுக்கு ஆகும்" என்று தள்ளிவிடலாம். ஒவ்வொரு டியூபாவிலும் வாக்னரின் 'மைஸ்டர்சிங்கர்' முன்னிசையையே ஊதுங்கள். பக்கத்து அறையிலும் அதையேதான் ஊதிக்கொண்டிருப்பார்கள்; யார் சத்தம் பெரிது என்று பார்த்துக்கொள்ளலாம். டியூபாவின் வாய் கூரையைப் பார்ப்பதால், அரங்கில் கேட்பது வேறு, உங்கள் காதுக்கு வருவது வேறு. தூரத்தில் ஒரு நண்பரைத் திரும்பி நிற்க வைத்து எது நன்றாக இருக்கிறது என்று கேட்கச் சொல்வார்கள். அவர் உங்கள் பழைய டியூபாவையே தேர்ந்தெடுத்தால் நண்பரை மாற்றுங்கள்.

ரோட்டரி வால்வு என்றால் நடுவில் கொளகொளவென்று தண்ணீர்ச் சத்தம் வரும். தண்ணிக் குமிழை அழுத்தி ஊதினாலும் போகாது. வளைவுக்குள் எங்கோ தங்கியிருக்கும். எழுந்து நின்று, டியூபாவைத் தொட்டில் பிள்ளை போல் ஏந்தி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றவேண்டும். பத்துக் கிலோவுக்குக் குறையாத பித்தளை அது. சுற்றும்போது முகத்தில் வலியைக் காட்டாதீர்கள், விற்பனையாளர் 4/4-ஐ எடுத்து வந்துவிடுவார். கடைசியில் கால்சட்டை மேல் ஒரு கரண்டி அளவு வடிந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

பில் போட்டு 6/4-ஐக் காரில் ஏற்றியாயிற்றா? வாழ்த்துகள். முதல் கச்சேரிக்கு துவோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனி வைத்திருக்கிறார்கள். சுமார் 40 நிமிடம். அதில் டியூபாவுக்கு இரண்டாம் பகுதியில் மட்டும் சில சுரங்கள், அதுவும் மெதுவாக.