உட்கார்ந்தபடியே மூளையைக் காப்பது எப்படி?

ஐம்பது வயது தாண்டிய ஆண்பிள்ளைக்குத் தன் மூளை மேல் திடீரென்று ஒரு பாசம் வரும். அதுவரை அப்படி ஒன்று இருப்பதாக வீட்டில் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். பாசாரில் நின்றுகொண்டு, "நான் என்ன வாங்க வந்தேன்?" என்று வீட்டுக்கே போன் போட்டுக் கேட்க ஆரம்பித்ததும் எனக்கும் வந்தது. மூளைக்காக எதையும் செய்யத் தயாரானேன். ஒரே நிபந்தனை: அது உட்கார்ந்து செய்கிற காரியமாக இருக்கவேண்டும்.

முதலில் குறுக்கெழுத்து. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை, ஒரு கோப்பி, சாய்வு நாற்காலி; இதைவிடச் சுகமான வைத்தியம் உண்டா? ஆனால் குறுக்கெழுத்துப் போடப் போட, குறுக்கெழுத்துப் போடுவதில்தான் கெட்டிக்காரனாகிறோம். பாசாரில் மறந்த கத்தரிக்காய்க்கு அது ஜவாப்தாரி அல்ல.

அடுத்து, லண்டன் டாக்சி ஓட்டுநர்களைப் பற்றிய ஆய்வு. நகரத்துச் சந்துபொந்துகளை எல்லாம் மனப்பாடம் செய்த அவர்களுக்கு, மூளையின் ஞாபகப் பகுதியான ஹிப்போகேம்பஸின் பின்பாகம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். வண்டி ஓட்டுவதும் உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று நிமிர்ந்தேன். ஆனால் ரஹாங்கிலிருந்து சிரம்பான் பட்டணத்துக்குப் போகவே வேஸ் செயலியைக் கேட்கிறவன் நான். என் காரில் ஹிப்போகேம்பஸ் வளர்வதானால் வழி சொல்லும் அந்தப் பெண்குரலுக்குத்தான் வளரவேண்டும்.

பிறகுதான் மகள் அந்தப் பட்டியலை வாசித்தாள். மறதிநோய்க்கு வழிவிடும் 14 காரணங்களை 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு தொகுத்திருக்கிறது. அத்தனையும் சரிசெய்தால் 45 விழுக்காடு வரை நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். படிப்புக் குறைவு என்றாள். பட்டதாரி நான், தப்பித்தேன். அடுத்து உடலுழைப்பின்மை, உடல்பருமன், இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், கெட்ட கொழுப்பு.

"என் மெடிக்கல் ரிப்போர்ட்டை ஏன் சத்தமா வாசிக்கிறே?" என்றேன்.

"அப்பா, இது இன்னும் லான்செட்தான்."

இனிப்பைக் குறைக்க அரசாங்கமும் பாடுபடுகிறது. பெட்டியிலும் புட்டியிலும் வரும் இனிப்புப் பானங்களுக்கு 2025 முதல் லிட்டருக்கு 90 சென் வரி. ஆனால் மாமாக் கடையில் கண்ணெதிரே இழுத்து ஆற்றும் தே தாரிக்குக்கு அந்த வரி எட்டவில்லை. சட்டத்தின் அந்த இடைவெளியில்தான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

அந்தப் பட்டியலில் அம்மாவின் கணக்கு என்னுடையதற்குத் தலைகீழ். இந்தப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள் அவள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் விடியுமுன்னே பெரட்டு, இருட்டிலேயே உளியோடு நிரையில் இறங்கவேண்டும். 400, 500 மரம் வெட்டி, மங்கு மங்காகப் பாலெடுத்து, காண்டா வாளியில் ஸ்டோருக்குத் தூக்கிப்போய் நிறுக்கவேண்டும். உடலுழைப்பில் நூற்றுக்கு நூறு. படிப்பிலோ மூன்றாம் வகுப்போடு சரி. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்று நிறுத்திவிட்டார்கள். அவள் நடந்து நடந்து சம்பாதித்த காசில் நான் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மனைவியின் தூண்டுதலில் சிரம்பான் ஏரிப் பூங்காவுக்குப் போனேன். நடப்பவர்களைப் பார்க்க அங்கே வசதியாகப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.

கடைசியில் பட்டியலில் எனக்கேற்ற ஒன்று அகப்பட்டது: காது கேளாமை. கெட்ட கொழுப்புக்கும் இதற்கும்தான் பட்டியலிலேயே அதிக எடை, தலா 7 விழுக்காடு. உடலுழைப்பின்மைக்கு வெறும் 2! அதோடு, காதுப் பரிசோதனையை உட்கார்ந்தே செய்துகொள்ளலாம். "ஏங்க, குப்பையை வெளியே வைங்க", "கேஸ் தோங்கை மாத்துங்க" என்று சமையலறையிலிருந்து வருவதெல்லாம் என்னை எட்டாததற்குக் காதுதான் காரணம் என்று வீட்டில் வெகுநாளாக ஒரு நம்பிக்கை. அதை நான் வளர்க்கவும் இல்லை, வாடவிடவும் இல்லை.

காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பரீட்சை என்றாலே முதல் மார்க் வாங்கிப் பழகிய புத்தி. ஒரு சத்தம் விடாமல் அழுத்தித் தள்ளிவிட்டேன்.

"காது ரொம்ப நல்லா இருக்கு" என்றார் சோதித்தவர், மனைவியை வைத்துக்கொண்டே.

சமையலறையிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்கிறது என்பதற்கு இப்போது முத்திரை குத்திய காகிதம் இருக்கிறது. 150 நிமிடம் புதன்கிழமைக்குள் முடிந்துவிடுகிறது.