ஷட்டர் இழுத்த முதலாளிமார் கவனத்துக்கு

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்து முதலாளிமாரே! 2020 மார்ச்சில் வில்லியனூர் சாலை வெறிச்சோடிய நாளிலிருந்து, வேலைக்காரர்களின் போனை எடுப்பதா வேண்டாமா என்று நீங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த கொள்ளைநோய்க்காவது தயாராக இருக்க வேண்டாமா? கன்சல்டன்ட் என்றால் காசு கேட்பார். என் யோசனை இலவசம்.

அரசு என்ன சொன்னாலும் பதறாதீர்கள். யாரையும் வேலையை விட்டு நிறுத்தாதீர்கள் என்று மார்ச் 20-ம் தேதி மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அறிவுரை சொன்னது. முழுச் சம்பளம் கொடுங்கள் என்று 29-ம் தேதி உள்துறை அமைச்சகம் உத்தரவே போட்டது. மே மாதம் பாதியில் அந்த உத்தரவு காலாவதி. ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றது. ஒருத்தர் கையில் கல்லாச் சாவி, இன்னொருத்தர் தலையில் மூன்று மாத வாடகை பாக்கி. பேச்சு எவ்வளவு சமமாக நடந்திருக்கும்!

இன்னும் உறுத்தினால் கடலூர் சாலைப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில்லை 2020 ஏப்ரல் 30-ம் தேதி, ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, நம் அரசே மூடியது. பிரெஞ்சு ஆட்சியில், 1936 ஜூலை 30-ல் பன்னிரண்டு மில் தொழிலாளிகள் குண்டடிபட்டுச் செத்த ஊர் இது. அவர்களுக்கு வருடா வருடம் மாலை போடுகிற கைகளே பூட்டும் போட்டன. உங்கள் ஷட்டர் எம்மாத்திரம்?

இனி முக்கியமான விஷயம். இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டில் 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' என்று ஒன்று இருக்கிறது. 2018 ஜூலையில் வந்தது. வாயில் நுழையாத பெயர் என்பதே உங்களுக்கு முதல் பாதுகாப்பு. வந்தபோது விதி இதுதான்: வேலை போனால் சராசரி தினக்கூலியில் கால் பங்கு, அதிகபட்சம் 90 நாளுக்கு, ஆயுளில் ஒரே முறை. நாளுக்கு 400 ரூபாய் சம்பாதித்தவருக்கு மொத்தம் 9,000. அதுவும் வேலை போய்த் தொண்ணூறு நாள் கழித்துத்தான் கேட்க முடிந்தது. அந்தத் தொண்ணூறு நாள் அவர் காற்றைக் குடித்துக்கொண்டு இருப்பார் என்பது டெல்லியின் கணக்கு.

விண்ணப்பம் யார் வழியாகப் போக வேண்டியிருந்தது? கடைசியாக வேலை கொடுத்த முதலாளி வழியாக. அதாவது, துரத்திய உங்கள் வழியாக! கழுத்தைப் பிடித்துத் தள்ளியவரிடமே போய், 'ஆமாம், தள்ளினேன்' என்று எழுதி வாங்கி வா என்றது விதி. போதாததற்கு இருபது ரூபாய்ப் பத்திரத்தில் உறுதிமொழி வேறு. ஊரடங்கில் பத்திரம் விற்கிற கடையை அவர் எங்கே போய்த் தேடியிருப்பார்? பாரத்தோடு வாசலில் நின்றவரிடம் வாட்ச்மேன் இதைச் சொன்னாலே போதுமாக இருந்தது: "மொதலாளி ஊர்ல இல்லப்பா. அடுத்த வாரம் வந்து பாரு."

2020 ஆகஸ்ட் 20-ல் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். கால் பங்கு அரைப் பங்கானது, காத்திருப்பு முப்பது நாளானது, கிளை அலுவலகத்தில் நேரடியாகவே கொடுக்கலாம் என்றும் ஆனது. பசித்தவன் ஐந்து மாதம் கழித்துக் கண்ணில் பட்டிருக்கிறான். நீங்கள் கவலைப்படாதீர்கள். முன்கூட்டியே செய்யக்கூடியவை இன்னும் பாக்கி இருக்கின்றன. பட்டறையில் பத்துப் பேர் சேர்ந்தால் இஎஸ்ஐ வந்துவிடும்; பத்தாவது ஆளை 'மச்சான் பையன், சும்மா வந்து போறான்' என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே பதிவு செய்து தொலைத்திருந்தால், மாதச் சந்தா கட்டும் திரையில் பூஜ்ய நாளுக்குக் காரணம் கேட்கும் கட்டத்தில் 'ஆட்குறைப்பு' என்பதைத் தொடாதீர்கள், விடுப்பு என்று போடுங்கள். எல்லாவற்றையும்விடச் சுலபம், 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று எழுதி வாங்கிக்கொள்வது. பாக்கிச் சம்பளத்தைக் கையில் காட்டினால் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார்கள்.

அந்த இஎஸ்ஐ பணம் யார் வீட்டுப் பணம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மாதாமாதம் அவர் கூலியில் பிடித்த 0.75 சதவீதமும், அவர் உழைப்பின் பேரில் நீங்கள் கட்டிய 3.25 சதவீதமும் சேர்ந்த காப்பீடு அது. தர்மமல்ல. அதைத் தடுப்பதற்குத் திருட்டைத் தவிர வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை. மன்னிக்கவும், யோசனை சொல்ல வந்த இடத்தில் நாக்கு தவறிவிட்டது.

பிரான்ஸ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் உங்கள் தெருவிலும் இருப்பார். அவரோடு இந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். அங்கே அதே 2020 வசந்தத்தில் முதலாளிகளுக்கு அரசு சொன்ன வழிகாட்டி ஒரு வரிதான்: ஆளை நிறுத்தாதே, வீட்டில் இருக்கட்டும், சம்பளம் கொடு, நாங்கள் தருகிறோம். கைக்கு வரும் சம்பளத்தில் 84 சதவீதம் வந்தது, குறைந்தபட்சக் கூலிக்காரருக்கு முழுசாகவே. கடற்கரைப் பக்கம் அவர்கள் துணைத் தூதரகம் இன்னும் இருக்கிறது. நம் ஆட்கள் அங்கே போய் 'நாங்களும் உங்க ஆளுங்கதானே' என்று நின்றுவிடப் போகிறார்கள்.

கடைசியாக, யாராவது உங்களைத் தாண்டிப் போய் அந்தப் பணத்தை வாங்கியே விட்டால் மனம் தளராதீர்கள். ஆயுளில் ஒரே முறை என்பதை மறக்க வேண்டாம். அடுத்த தடவை நோய் வரும்போது, முதலில் நிறுத்த வேண்டியவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்: எங்கே போய் எழுதினாலும் ஒரு பைசா கிடைக்காத அவரைத்தான்.