நான்கு நிறச் சீட்டு

2021 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது அம்மாவைக் கைபிடித்து வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போனேன். விரலில் மை வைத்து, அவள் கையில் நான்கு சீட்டுகளைக் கொடுத்தார்கள். வெள்ளை வார்டு உறுப்பினருக்கு, இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு. வாக்கு எந்திரத்தில் பித்தானை அழுத்திப் பழகிவிட்ட கை அது. ஒவ்வொரு சீட்டிலும் முத்திரை குத்தி, மை ஒட்டாமல் மடித்து, பெட்டியில் போட வெகுநேரமானது. வெளியே வந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இந்தக் கலர் சீட்டு கடைசியா எப்படா போட்டோம்?"

"2011-லம்மா."

"நடுவுல ஒரு தடவ வந்திருக்கணுமே?"

வந்திருக்க வேண்டும். 2016 அக்டோபர் 17, 19 என்று தேதிகூடக் குறித்திருந்தார்கள். பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று வழக்குப் போய், அக்டோபர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. அதே மாதம் 24-ஆம் தேதியோடு பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. பிறகு 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. காஞ்சிபுரத்தைப் பிரித்துச் செங்கல்பட்டை உண்டாக்கியதுபோல் மாவட்டங்களைப் பிரித்திருந்ததால், வார்டு மறுவரையறை முடியட்டும் என்று எங்கள் மாவட்டமும் இன்னும் எட்டு மாவட்டங்களும் விடுபட்டன. 2016 அக்டோபரிலிருந்து 2021 அக்டோபர் வரை ஐந்து ஆண்டு. ஒரு தலைவரின் முழுப் பதவிக்காலம் தலைவரே இல்லாமல் கழிந்தது.

எங்கள் ஊர் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் என்பதால் வந்த பெயர். அக்கரையில் பழையசீவரம். நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்று மணலில் நடந்துபோய்ப் பழையசீவரம் ஸ்டேஷனில் ரயில் பிடிப்பார். மாட்டுப்பொங்கலன்று காஞ்சிபுரத்திலிருந்து வரதராஜப் பெருமாள் பழையசீவரம் மலைக்குப் பரிவேட்டைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் ஊருக்கு எழுந்தருள்வார். எங்களுக்குப் பொங்கல் என்றால் அதுதான்.

அப்பா பட்டு நெய்தார். வீட்டுக் கூடத்தில் குழித்தறி. குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் தரை மட்டத்துக்கு மேலே பாதி ஆள்தான் தெரியும். 1986-ல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அதற்கு முந்தைய தேர்தல் நடந்தது 1970-ல். பதினாறு வருடம் கழித்து வந்த தேர்தல் என்பதால் ஊரே திருவிழாவாக இருந்தது. வோட்டுக் கேட்க வருகிறவர்கள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். குழியில் இருப்பவரிடம் நின்றபடி பேச முடியாது. குந்தி உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் அப்பா நாடாவை நிறுத்திவிட்டு ஒரே கேள்வி கேட்பார்: "ஊர்ப் பணத்துக்குக் கணக்கு காட்டுவீங்களா?"

அவர் அதைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பட்டையும் ஜரிகையையும் முதலாளி எடை போட்டுத்தான் கொடுப்பார். சேலை அறுத்துக் கொண்டுபோனால் மறுபடி எடை போடுவார். ஜரிகை கொஞ்சம் குறைந்தாலும் கூலியில் கழியும். அப்பா ஒரு நீளமான நோட்டில் வாங்கிய எடை, கொடுத்த எடை, கழிவு எல்லாம் எழுதி வைத்திருந்தார். "ஜரிகைத் தூளுக்குக் கணக்குச் சொல்றவன்டா நான். ரோட்டுக்கும் கெணத்துக்கும் அவங்க சொல்ல வேணாமா?" என்பார். என் வாழ்க்கையில் நான் கேட்ட முதல் அரசியல் பேச்சு அதுதான். இன்றைக்கும் அதற்கு மேல் ஒன்றைக் கேட்டதில்லை.

அந்தத் தேர்தலுக்குச் சில மாதம் கழித்து பள்ளிக்கூடத்தில் எங்களை உத்திரமேரூருக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் வட்டாரத்து ஊர்தான், பஸ்ஸில் போய்விடலாம். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தின் அடிச்சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள். கி.பி. 919, 921. ஊரை முப்பது குடும்பாக, இன்றைய சொல்லில் வார்டாக, பிரித்து, தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, குடத்தில் போட்டு, விவரமறியாத ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுத்த ஓலையை வாங்குகிற நடுவர் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாது அல்லவா? அவர் வாசித்ததை அங்கிருந்த கோயில் நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். இப்படி முப்பது பேர்: ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு, தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு, ஏரி வாரியத்துக்கு ஆறு. 360 நாள் ஆனதும் இறங்கிவிட வேண்டும்.

வாத்தியார் இதைச் சொல்லிக்கொண்டே வந்து ஒரு விதியில் நின்றார். முன்பு வாரியம் செய்துவிட்டுக் கணக்கு ஒப்படைக்காமல் இருந்தவர்களின் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. அவர்களுடைய நெருங்கிய உறவினர்களின் பெயரையும் போடக் கூடாது. எந்தெந்த உறவு என்று கல்லில் வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் தறியை விட்டு எழுந்து, "எத்தன வருஷத்துக்கு முன்னாடி?" என்று இரண்டு முறை கேட்டார்.

எங்கள் ஊர்ச் சுவரிலேயே இன்னொரு கணக்கு இருக்கிறது. அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, பதினோராம் நூற்றாண்டு. பதினைந்து படுக்கையோடு ஓர் ஆதுலசாலை நடந்ததை அது சொல்கிறது. வைத்தியருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மூலிகை கொண்டுவருபவருக்கு எவ்வளவு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு எவ்வளவு, விளக்கெரிக்க எவ்வளவு எண்ணெய் எல்லாம் அதில் உண்டு. செலவுக் கணக்கைச் சுவரில் வெட்டிவிட்டால் யாரும் வந்து பார்க்கலாம். பெட்டிக்குள் பூட்ட முடியாது.

இந்தப் பழம்பெருமையை நான் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடுகிறவன் இல்லை. உத்திரமேரூர்க் குடத்துக்குள் யார் பெயர் போனது? வரி கட்டும் கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35-க்கு மேல் 70-க்குள் வயது வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. அப்பாவைப் போல ஒருவர் பெயர் அந்தக் குடத்தை எட்டியிருக்காது. அம்மாவின் பெயரை எழுத யாரும் ஓலையே எடுத்திருக்க மாட்டார்கள். சேரிக்காரர்கள் அந்த மண்டபத்துப் பக்கமே வந்திருக்க முடியாது. மேடையேறிக் குடவோலையைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் குடத்தின் வாயைத் திறந்தது 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு 1994-ல் தன் ஊராட்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்து, 1996 அக்டோபரில் தேர்தலை நடத்தியது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. இப்போது பாதி. பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகைப்படி தலைவர் பதவி.

திறந்த வாயை மூட முயன்றவர்களும் இருந்தார்கள். மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் நிலைத்து உட்கார 2006 வரை பத்து ஆண்டு விடவில்லை. மேலவளவுச் செய்தி வந்த அன்று அப்பா தறி ஓட்டவில்லை. பேப்பரை மடித்துப் பாவின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வார்டு மெம்பர், பிரசிடெண்ட் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொற்களுக்கு ரத்தம் சிந்தியிருக்கிறார்கள் என்று அன்று தெரிந்தது.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும் கூடும். அண்மையில் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்திருக்கிறார்கள். வோட்டர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்கள். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நாம் ஆள் அனுப்புகிறோம். கிராம சபையில் நாமே உறுப்பினர். இந்திய ஜனநாயகத்தில் இப்படி ஓர் இடம் அரிது.

தறி வேலைக்காக நாங்கள் சில வருடம் வேறோர் ஊரில் குடியிருந்தோம். அங்கே ஒரு கிராம சபையில் அப்பா முன்வரிசையில் பாயில் உட்கார்ந்தார். கூட்டம் தொடங்கும் முன்னே தீர்மான நோட்டு சுற்றிவந்தது. எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அப்பா பேனாவை வாங்கவில்லை. "வரவு செலவ வாசிங்க, போடறேன்" என்றார். சலசலப்பு. 'பெரியவரே, பெரியவரே' என்று சமாதானம் செய்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒருவர் லெட்ஜரைக் கொண்டுவந்து வாசித்தார். கைப்பம்பு பழுது, தெருவிளக்கு, மோட்டார் காயில் கட்டியது என்று இருபது நிமிடம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாசித்தவருக்கே முகம் தெளிந்துவிட்டது. அப்பா கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால் கைநாட்டு வைக்கக் காத்திருந்த ஓர் அம்மாள், "இன்னொரு வாட்டி மோட்டார் செலவ சொல்லுப்பா" என்றார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. தன் ஊரின் பணத்தைப் பற்றித் தனக்குக் கேட்க உரிமை உண்டு என்பதை அந்த இருபது நிமிடத்தில் அவர் கண்டுகொண்டார்.

உரிமை உண்டு, அதிகாரம் எவ்வளவு உண்டு? அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 29 துறைகள் இருக்கின்றன. எதை, எவ்வளவு ஒப்படைப்பது என்று முடிவு செய்வது மாநில அரசு. பக்கத்துக் கேரளம் 1996-ல் மக்கள் திட்டம் என்று தொடங்கித் திட்டச் செலவில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கே கொடுத்தது. இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை நீக்கும் அதிகாரம் 205-ஆவது பிரிவின்படி கலெக்டரிடம் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் மதூர், அருங்குன்றம் பக்கமெல்லாம் கல்குவாரி. இரவும் பகலும் லாரி. வேப்பிலையும் வெள்ளையாகிவிடுகிறது. குவாரி வேண்டாம் என்று கிராம சபை தீர்மானம் போடலாம், போட்ட ஊர்களும் உண்டு. உரிமம் தருவது மாவட்ட நிர்வாகம். ஊரின் தீர்மானம் அதைக் கட்டுப்படுத்தாது. தெருவிளக்குக்கு நம்மைக் கேட்கிறார்கள், மலைக்குக் கேட்பதில்லை. மாநில சுயாட்சி கேட்டு டெல்லியோடு பல பத்தாண்டுகளாக வாதாடும் தமிழ்நாடு, அதே நியாயத்தைத் திருமுக்கூடலுக்கும் கொடுக்க வேண்டும். டெல்லி கோட்டைக்குத் தராததைத் தவறென்றால், கோட்டை ஊருக்குத் தராததும் தவறு.

2020 டிசம்பர் 10-ல் டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லிப் பெருமைப்பட்டார். டிவியில் பார்த்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிலிர்ப்பு அடங்குவதற்குள் வேதனை வந்தது. அந்த நாளில் உத்திரமேரூர் பேரூராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம் இல்லை. சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் இல்லை. நாலாண்டாகத் தனி அலுவலர் ஆட்சி. ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிக்கும் ஒரே பி.டி.ஓ. அவர் நல்லவராகவே இருக்கட்டும். எந்தத் தறிக்குழிக்கு முன்னால் அவர் குந்த வேண்டும்? யாரிடம் வோட்டுக் கேட்க வேண்டும்?

கடல் தாண்டினாலும் இதே காட்சிதான். 1987-ல் இலங்கையின் 13-ஆவது திருத்தம் மாகாண சபைகளை உண்டாக்கியது. எத்தனை உயிர் போன பிறகு கிடைத்த அதிகாரப் பகிர்வு அது! வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டம்பரில்தான் நடந்தது. 2018 அக்டோபரில் அதன் காலம் முடிந்தது. ஆண்டுகள் போயும் அடுத்த தேர்தல் வரவில்லை. நிர்வாகம் ஆளுநர் கையில். அதிகாரத்தைப் பிடுங்குவதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. தேர்தலை நடத்தாமல் இருந்தாலே போதும்.

அப்பா 2021 தேர்தலைப் பார்க்க இல்லை. அவருடைய நோட்டு என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு கோர்வைச் சேலைக்கு வாங்கிய ஜரிகையின் எடை இருக்கிறது. கொடுத்த எடை எழுதப்படவில்லை. சேலை தறியிலேயே நின்றுவிட்டது.

2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட, 27 மாவட்டங்களின் ஊரக மன்றங்களுடைய காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். எங்கள் மாவட்டத்து மன்றங்கள் பதவியேற்றது 2021 அக்டோபர் 20-ல். ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-இ. அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். நோட்டில் கையெழுத்துப் போடும் முன் இரண்டைக் கேளுங்கள்: வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள், தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.