ஈஸிசேரில் ஒரு பேய்

போன மாதம் எங்கள் வீட்டில் ஓர் எவர்சில்வர் தூக்கு காணாமல் போனது. மாமனார் பெயர் வெட்டிய தூக்கு என்பதால் விஷயம் வீட்டு மானத்தைத் தொட்டுவிட்டது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து பால்கனி ஈஸிசேரில்தான் என் வாசம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தத் தூக்கு மோர்க்குழம்போடு கீழ் வீட்டுக்குப் போனதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். தேடல் தொடங்கியதும் சொல்லவும் செய்தேன்.

“கொஞ்சம் எழுந்திருங்க, உங்க சேருக்கு அடியில பாக்கணும்” என்றாள் மனைவி.

அந்த நொடியில் மார்ட்டி ஹாப்கிர்க் நினைவுக்கு வந்தார். 1969-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ‘ராண்டல் அண்ட் ஹாப்கிர்க்’ என்று ஒரு துப்பறியும் தொடர் தொடங்கியது. தலைப்பில் ஹாப்கிர்க் பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘காலமானார்’ என்ற பொருளில் ஒரு சொல் இருக்கும். முதல் அத்தியாயத்திலேயே காரை ஏற்றி ஆளைக் கொன்றுவிடுகிறார்கள். தன் கொலையைத் தானே துப்பறியப் பேயாக வந்த மனிதர், விடிவதற்குள் கல்லறைக்குத் திரும்பத் தவறியதால் நூறு வருடம் பூமியிலேயே அலைய வேண்டியதாகிறது. 26 அத்தியாயங்களிலும் வெள்ளை சூட்டில் சுற்றுகிறார். பூட்டிய அறைக்குள் போகிறார், எல்லாவற்றையும் பார்க்கிறார். ஆனால் கூட்டாளி ராண்டலைத் தவிர வேறு யார் கண்ணிலும் அநேகமாகப் படுவதில்லை. சொந்த மனைவியின் கண்ணிலும்கூட! நான் வெள்ளை வேட்டி, வெள்ளை பனியன். மற்றபடி பெரிய வித்தியாசமில்லை.

பேய் துப்பறிவதை ஆங்கிலத் துப்பறியும் உலகம் முதலில் சுலபமாக ஏற்றுக்கொள்ளவில்லை. 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். இரண்டாவது கட்டளை: அமானுஷ்யத்துக்கு இடமே கிடையாது. இத்தனைக்கும் அவர் கத்தோலிக்கப் பாதிரியார். பேய் விஷயத்தில் அவருக்கில்லாத அனுபவமா!

ஆனாலும் ‘கோஸி மிஸ்டரி’ என்ற வகை பேய்க்குப் பின்வாசலைத் திறந்துவிட்டது. கோஸி என்றால் கொலை உண்டு, ரத்தச் சகதி கிடையாது. சின்ன ஊர், புத்தகக் கடை, தேநீர், ஒரு பூனை. போலீஸ்காரர் தலையைச் சொறிவார், பக்கத்து வீட்டம்மா கண்டுபிடிப்பார். கையில் காபியோடு படிக்கலாம்; டம்ளர் நடுங்காது.

இதில் எழுத்தாளருக்கு ஒரு சிக்கல். சுவருக்குள் நுழைந்து போகிற பேய்க்கு எல்லாம் தெரிந்துவிட்டால் இரண்டாம் பக்கத்திலேயே ‘சுபம்’ போட வேண்டியதுதான். அதனால் ஒவ்வொருவரும் பேயின் கையைக் கட்டிப்போடுகிறார்கள். நான்சி ஆதர்டனின் டிமிட்டி அத்தை 1992-இல் இறந்தபடியே அறிமுகமானவர். உருவம் கிடையாது, குரல் கிடையாது. ஒரு நீல நோட்டைத் திறந்தால், அழகான கையெழுத்தில் பதில் தானாக எழுதப்படும். இப்படியே இருபதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் வந்துவிட்டன. ஆலிஸ் கிம்பர்லியின் ஜாக் ஷெப்பர்ட் 1940-களில் சுடப்பட்டுச் செத்த துப்பறிவாளர். செத்த இடமான புத்தகக் கடையில்தான் அவர் வாசம். கடையை நடத்தும் விதவைப் பெண்ணுக்கு மட்டும்தான் அவர் குரல் கேட்கும்.

எனக்கு நெருக்கமானவர் கரோலின் ஹார்ட்டின் பெய்லி ரூத். சொர்க்கத்தில் ‘நல்லெண்ணத் துறை’ என்று ஓர் இலாகா. அதற்கு விக்கின்ஸ் என்ற மேலதிகாரி. பூமிக்கு அனுப்பும்போதே விதிமுறைகளை ஒப்பிக்கச் சொல்வார்: கவனத்தை ஈர்க்காதே, அவசியமில்லாமல் உருவம் காட்டாதே. 36 வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டிய எனக்கு வயிற்றைக் கலக்கியது. செத்த பிறகும் சர்க்குலரா?

நம்மூர்ப் பேய்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கொன்றவன் யார் என்று தெரிந்துகொண்டேதான் புளியமரம் ஏறும். நேரே பழிவாங்கல், துப்புத் துலக்கல் கிடையாது. ஒரே விதிவிலக்கு வேதாளம். அதுவும் தானாகத் துப்பறியாது. விக்கிரமாதித்தன் முதுகில் சவாரி செய்துகொண்டே கேஸை அவன் தலையில் கட்டும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொல்லிவிட்டால் வேதாளம் மறுபடி முருங்கை மரத்துக்கு. கல்யாணமாகி நாற்பது வருடமான எந்த ஆணுக்கும் இந்த ஒப்பந்தத்தை விளக்க வேண்டியதில்லை.

தூக்கு விஷயத்தில் என் தலை வெடிக்கிற நிலையில் இருந்தது. இரண்டு நாள் பொறுத்தேன். பரணையெல்லாம் இறக்கினார்கள். மூன்றாம் நாள் கீழ் வீட்டம்மாவே தூக்கைக் கொண்டுவந்தார், உள்ளே ரவா லட்டோடு. “நான் அப்பவே நினைச்சேன்” என்றாள் மனைவி, என் ஈஸிசேர் வழியாகக் காற்றைப் பார்த்தபடி.

அன்று ராத்திரி டிமிட்டி அத்தை வழிக்கு மாறினேன். பால் கணக்கு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘தூக்கு கீழ் வீட்டில் இருப்பதாகச் செவ்வாய்க்கிழமையே சொன்னேன்.’

காலையில் நோட்டைத் திறந்தேன். கீழே பென்சிலில் பதில் வந்திருந்தது.

‘தெரியும். இன்னிக்கு ரெண்டு பாக்கெட் வாங்கவும்.’