ஆறடிக்கு நாலடி சாம்ராஜ்யம்

ஃபிளாட் காட்ட வரும் பில்டரைக் கவனித்திருக்கிறீர்களா? ஹாலில் பத்து நிமிஷம் நிற்பார், பால்கனியில் காற்றைக்கூடத் தன் செலவில் வரவழைத்த மாதிரி பேசுவார். பாத்ரூம் கதவை மட்டும் சட்டென்று திறந்து சட்டென்று மூடிவிடுவார். ஆறடிக்கு நாலடி! 'இதுக்குள்ள என்னத்தைப் பொருத்தறது?' என்று பெருமூச்சு விடுகிறவர்களே, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஏக்கர் கணக்கில் இடம் வைத்திருந்த மகாராஜாக்கள் என்ன கிழித்தார்கள் என்று தெரிந்தால் உங்கள் மேல் உங்களுக்கே மரியாதை வந்துவிடும்.

பிரான்ஸின் பதினான்காம் லூயியையே எடுத்துக்கொள்வோம். 'சூரிய மன்னர்' என்று பட்டம். வெர்சாய் அரண்மனையில் 1670களில் குளிப்பதற்கென்றே பல அறைகள் கொண்ட தனிப் பகுதியைக் கட்டினார். உள்ளே எண்கோண வடிவில் ஒரு பிரம்மாண்டமான பளிங்குத் தொட்டி. குறுக்களவு ஏறக்குறைய மூன்று மீட்டர். உங்கள் பாத்ரூமை அப்படியே பெயர்த்து அதற்குள் இறக்கி வைக்கலாம். இவ்வளவும் செய்தவர் தினமும் அதில் முங்கி எழுந்தாரா? ஊஹும்! வெந்நீர் பட்டால் தோலின் துவாரங்கள் திறந்து நோய் உள்ளே புகுந்துவிடும் என்பது அந்தக் காலத்து டாக்டர்கள் கட்சி. வாசனைத் திரவத்தில் நனைத்த துணியால் துடைத்துவிட்டால் அன்றைய கோட்டா முடிந்தது. சில வருஷங்களில் அந்தக் குளியல் அறைகளை மாற்றிக் கட்டி, காதலி மதாம் தெ மோந்தெஸ்பானைக் குடிவைத்துவிட்டார். டிரெட்மில் வாங்கி அதில் துண்டு காயப்போடும் பரம்பரை அங்கேதான் ஆரம்பம்.

இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி வேறு ரகம். அவர் கழிப்பறைக்குப் போகும்போது உடனிருந்து உதவ அரசவையில் தனிப் பதவியே உண்டு. சீச்சீ என்கிறீர்களா? பிரபுக்கள் அதற்கு ஏங்கிக் கிடந்தார்கள்! மன்னரோடு தனியாக இருக்கும் பாக்கியம் வேறு யாருக்குக் கிடைக்கும்? சிபாரிசா, பதவியா, நிலமா, எல்லாம் அங்கே பேசினால்தான் நடக்கும். ஹென்றி நாரிஸ் என்பவர் இந்த வேலையில் கொடிகட்டிப் பறந்தார். 1536-இல், ராணி ஆன் போலினோடு தொடர்பு என்று குற்றம்சாட்டி அவர் தலையைச் சீவிவிட்டார்கள். பாவம், இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் மன்னரின் முகத்தை மட்டும் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது.

ஹென்றியின் மகள் முதலாம் எலிசபெத் காலத்தில்தான் ஒரு புத்திசாலி முளைத்தார். ராணிக்கு ஞானப்பிள்ளை முறை. பெயர் ஜான் ஹாரிங்டன். இத்தாலியக் காவியம் ஒன்றிலிருந்து 'ஏ' சர்டிஃபிகேட் பகுதியை மட்டும் மொழிபெயர்த்து அரண்மனைப் பெண்களிடம் சுற்றுக்கு விட்டார். விஷயம் தெரிந்த ராணி, முழுக் காவியத்தையும் மொழிபெயர்த்து முடிக்கிறவரை அரண்மனைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று விரட்டிவிட்டார். (மொழிபெயர்ப்பைத் தண்டனையாக நடத்தும் வழக்கத்தைப் பதிப்பகங்கள் இன்றைக்கும் விடவில்லை.)

இந்த மனிதர்தான் 1596-இல், தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் கழிப்பறையைப் படம் போட்டு விளக்கி ஒரு புத்தகமே வெளியிட்டார். தண்ணீர்த் தட்டுப்பாடா? இருபது பேர் உபயோகித்தாலும் நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் திறந்துவிட்டால் போதும் என்று அதில் யோசனை வேறு. திருவல்லிக்கேணி மேன்ஷன்காரர்கள் கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய ஆள்! ராணிக்கும் ஒன்று பொருத்திக் கொடுத்தாராம். ஒரே ஒரு குறைதான்: போக வேண்டியது போய்விடும், வாசனை மட்டும் திரும்பி வந்துவிடும்.

அதற்கு வழி பிறக்க 179 வருஷம் ஆயிற்று. வழி சொன்னவர் ராஜாவுமில்லை, பிரபுவுமில்லை. அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர். 1775-இல் காப்புரிமை வாங்கினார். அப்படி என்ன செய்தார்? குழாயை வளைத்தார். அவ்வளவுதான் சார்! வளைவில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தங்கும். அதைத் தாண்டி நாற்றம் மேலே ஏற முடியாது. பளிங்கும் தங்க முலாமும் சாதிக்காததை இரண்டு அங்குலத் தண்ணீர் சாதித்துவிட்டது.

உங்கள் பாத்ரூம் தரையிலிருக்கும் நஹானி டிராப்பும் இதே வித்தைதான். பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போய் மூன்று மாதம் கழித்துத் திரும்பினால், வீடே நாறுகிறது, கரப்பான் கும்மாளமிடுகிறது. 'பில்டர் ஏமாத்திட்டான்!' என்று கொதிக்கிறோம். டிராப்பிலிருந்த தண்ணீர் வற்றிவிட்டது, அவ்வளவே. பெரும்பாலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் போதும். அந்த ஒரு மக்கை ஊற்றத்தான் பிளம்பர் விசிட்டிங் சார்ஜ் கேட்கிறார்.

1851-இல் லண்டனில் மாபெரும் பொருட்காட்சி. நம் ஊரிலிருந்து கொண்டுபோன கோஹினூர் வைரத்தைக் கூண்டில் வைத்திருந்தார்கள். பார்த்தவர்கள் 'என்னப்பா, மின்னவே காணோம்!' என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அதே இடத்தில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் ஃப்ளஷ் வைத்த பொதுக் கழிப்பறைகளைப் போட்டிருந்தார். ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்து 8,27,280 பேர் போய்வந்தார்கள். யாரும் உதட்டைப் பிதுக்கியதாகத் தகவல் இல்லை.

அப்புறமென்ன, வசதியுள்ள வீடுகளிலெல்லாம் ஃப்ளஷ். இழுத்துவிட்டால் எல்லாம் மாயம்! எங்கே போகிறது என்று யார் கவலைப்பட்டார்கள்? தேம்ஸ் நதிக்குத்தான். நதிக்கரையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பார்லிமெண்ட்! 1858 கோடையில் நாற்றம் தாங்காமல் ஜன்னல் திரைச்சீலைகளை பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்கித் தொங்கவிட்டார்கள். அப்படியும் முடியவில்லை. வருஷக்கணக்காக இழுத்தடித்த பாதாளச் சாக்கடை விவகாரத்துக்கு மூன்றே வாரத்துக்குள் சட்டம் நிறைவேறியது. மக்களின் குரல் எட்டாத இடத்துக்கு மக்களின் நாற்றம் எட்டிவிட்டது.

சின்ன பாத்ரூமுக்காகவே மூளையைக் கசக்கியவர் அமெரிக்காவின் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். ஐந்தடிக்கு ஐந்தடி. நாலே துண்டு உலோகத் தகடு. கொண்டுவந்து முடுக்கினால் பாத்ரூம் ரெடி. மூலைகளெல்லாம் வழவழவென்று வளைந்திருக்கும், அழுக்கு ஒளிய இடமே கிடையாது. 1940-இல் காப்புரிமையும் கிடைத்தது. உலகமே அள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டாமா? ஒரு டஜன் மாதிரிகளோடு கதை முடிந்தது. காரணம் ஆயிரம் சொல்வார்கள். என்னைக் கேட்டால், டைல்ஸ் கடையில் நாலு மணி நேரம் சண்டை போடும் சுகத்தைக் கணவன் மனைவியிடமிருந்து பறித்தால் எந்தக் கண்டுபிடிப்பும் உருப்படாது.

ஜப்பான்காரர்கள் உருப்பட வைத்தார்கள். 1964 ஒலிம்பிக் நெருங்குகிறது. டோக்கியோவின் நியூ ஒட்டானி ஹோட்டலில் ஆயிரத்துச் சொச்சம் அறைகள். ஒவ்வொரு பாத்ரூமையும் டைல்ஸ் ஒட்டிக் கட்டினால் அடுத்த ஒலிம்பிக்குக்குத்தான் குளிக்க முடியும். டோட்டோ கம்பெனி தொழிற்சாலையிலேயே பாகம் பாகமாகச் செய்து எடுத்துவந்து பொருத்திவிட்டது. அவசரத்துக்குச் செய்த அந்த ஏற்பாடுதான் பிறகு ஜப்பானிய ஃபிளாட்டுகளிலெல்லாம் குடியேறியது. ஆற அமர யோசித்த மேதை தோற்ற இடத்தில் அவசரம் ஜெயித்துவிட்டது!

நாம் என்ன செய்கிறோம்? லூயி வழியில் போகிறோம். தாம்பாளம் சைஸ் ரெயின் ஷவர், கண்ணாடித் தடுப்பு, கறுப்பு கிரானைட் வாஷ்பேசின். சிலருக்கு பாத் டப் மோகம் வேறு. ஏப்ரல் மாதம் தண்ணி லாரி வராதபோதுதான் அதன் அருமை தெரியும். நாலு நாள் தண்ணீரைப் பிடித்து வைக்க அதைவிட வசதியான பாத்திரம் கிடையாது.

ஆனால் 4,500 வருஷத்துக்கு முன்னால் மொஹஞ்சதாரோவில், வீட்டுக்கு வீடு செங்கல் பதித்த சின்னக் குளியலறை. தரை பிசிறில்லாமல் ஒரு பக்கம் சரிந்து, தண்ணீர் தானாக வடிகாலில் இறங்கி, தெருவில் மூடிய சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ரசமட்டம் இல்லை, லேசர் இல்லை. அவர்கள் எழுத்தை இன்னும் யாராலும் படிக்க முடியவில்லை. பாதி முத்திரைகளில் 'வாட்டம் பார்த்துப் போடு' என்று எழுதியிருந்தால்கூட நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நம் பாத்ரூம்களில் தண்ணீர் ஓட்டையைத் தவிர மற்ற எல்லா மூலைக்கும் சுற்றுலா போகிறது. அடிக்குக் கால் அங்குலம் வாட்டம், ஆறடிக்கு ஒன்றரை அங்குலம். இதில் பைசா செலவு கிடையாது. அதனால்தான் யாரும் மதிப்பதில்லை.

ஆகவே கொத்தனாருக்குப் பாக்கியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பாருங்கள். ஓடிவிட்டால் கொடுத்துவிடுங்கள். தேங்கி நின்றால் அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். 'காய்ஞ்சா சரியாப் போயிடும் சார்' என்பார். வாஸ்தவம்தான். காய்ந்தால் கடலே சரியாகிவிடும்.